யார் வீட்டில் யார் உண்டது?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் பருவம் முடிந்து ஆடுகளங்கள் ஓய்ந்துகிடக்கும் ஜூலை மாதத்தில்தான் ரசிகனுக்குத் தூக்கம் போகிறது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தாம் விரும்பும் அணியோடு பேசிச் சேர்ந்துகொள்ளும் 'ஃப்ரீ ஏஜென்சி' காலம் அது. தங்கள் ஊர் நட்சத்திரம் இருப்பானா, போவானா என்று ஒரு நகரமே காத்துக் கிடக்கும். இந்தக் காத்திருப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் புழக்கத்தில் உள்ளன. வேலையற்றவர்களின் பித்து இது என்பது முதலாவது. இலக்கியம் வாசிப்பவர்களிடம் இதற்குச் செல்வாக்கு அதிகம். போகிறவன் துரோகி என்பது இரண்டாவது. இது ரசிகர்களிடம் செல்வாக்குள்ளது. இரண்டையும் மறுக்கவே இதை எழுதுகிறோம். இரண்டாவது கருத்தே அதிகக் கேடு செய்வது என்பதால் அதற்குக் கூடுதல் இடம் தருகிறோம்.

முதலாவதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிளீவ்லாந்து நகரில் 1950இல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர். 2010இல் நான்கு லட்சத்துக்கும் குறைவு. இடையில் ஆலைகள் மூடப்பட்டன. எண்ணெய்க் கழிவு மிதந்த கயஹோகா ஆறு 1969இல் தீப்பற்றிய செய்தி நாடு முழுவதும் நகைப்புக்கு உள்ளானது. பெரிய விளையாட்டுகளில் அந்நகரம் கடைசியாகக் கோப்பை கண்டது 1964இல், பிரவுன்ஸ் கால்பந்து அணியின் வழியாக. அந்த அணியையும் அதன் உரிமையாளர் பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக 1995இல் அறிவித்தார். இப்படிப்பட்ட ஊருக்கு 2003இல், பக்கத்து ஆக்ரனில் பிறந்து வளர்ந்த பதினெட்டு வயது லெப்ரான் ஜேம்ஸ் வந்து சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து அவருடைய ஒப்பந்தம் முடிந்தபோது அந்த நகரம் காத்திருந்தது ஓர் ஆட்டக்காரருக்காக மட்டும்தானா? நாவலின் பாத்திரம் இறந்ததற்காக ஒரு வாரம் சோர்ந்து திரியும் நாம் அந்தக் காத்திருப்பைப் பார்த்துச் சிரிக்க எந்தத் தகுதியும் அற்றவர்கள்.

இனி இரண்டாவது கருத்து. 2010 ஜூலை 8 அன்று இரவு, கனெக்டிகட்டின் கிரீன்விச்சில் உள்ள சிறார் மன்றம் ஒன்றிலிருந்து இ.எஸ்.பி.என். தொலைக்காட்சி ஒரு சிறப்பு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. 'தி டிசிஷன்' என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தனர். அரை மணி நேரம் இழுத்தடித்த பிறகு, தாம் மயாமிக்குப் போவதாக லெப்ரான் சொன்னார். கிளீவ்லாந்து வீதிகளில் அவர் பெயர் பொறித்த ஜெர்ஸிகள் எரிந்தன. நகர மையத்தில் பத்து மாடி உயரத்துக்கு நின்ற அவருடைய விளம்பரப் பதாகை சில நாட்களில் கீழே இறங்கியது. அன்றிரவே அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட், இது கோழைத்தனமான துரோகம் என்று ரசிகர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்துக்கும் அதைத் தொடர்ந்த பேச்சுகளுக்குமாக லீக் அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் ரசிகர்கள் அவரைத் தங்கள் குரலாகவே கொண்டாடினர்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்பதே குற்றச்சாட்டின் சாரம். நாம் கேட்பது ஒன்றுதான்: யார் வீட்டில் யார் உண்டது?

லெப்ரான் கிளீவ்லாந்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. 'டிராஃப்ட்' என்னும் முறைப்படி, அந்த ஆண்டு முதல் வாய்ப்பைப் பெற்ற கிளீவ்லாந்து அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. புதிதாக வரும் ஆட்டக்காரரின் சம்பளம் அட்டவணைப்படி முன்பே தீர்மானிக்கப்பட்டது. பிறகு எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆனாலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அணியின் சந்தை மதிப்புக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. அரங்கம் நிரம்பியதும் தொலைக்காட்சி வாசலுக்கு வந்து நின்றதும் அவரால்தான். அவர் போன அடுத்த பருவத்தில், முந்தைய ஆண்டு 61 ஆட்டங்களை வென்ற அதே அணி 19 ஆட்டங்களை மட்டுமே வென்றது. இடையில் தொடர்ச்சியாக 26 தோல்விகள். சோறு போட்டது யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

போகும் உரிமை எப்படிக் கிடைத்தது என்பதையும் துரோகம் பேசுவோர் மறந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரர் அணியின் உடைமையாகவே இருந்தார். இதை எதிர்த்து, ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கார் ராபர்ட்சன் 1970இல் என்.பி.ஏ. மீது வழக்குத் தொடுத்தார். 1976இல்தான் சமரசம் ஏற்பட்டது. பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட், 1969இல் தம்மைக் கேளாமல் வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் தோற்றார், அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு முடிந்தது. இருவரும் கறுப்பினத்தவர், மனிதனை வாங்கி விற்பது என்ற சொற்கள் அவர்கள் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கூடைப்பந்தில் முழுத் தடையற்ற முறையில் ஒருவர் அணி மாறியது 1988இல், டாம் சேம்பர்ஸ் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போனபோதுதான். ஜூலை மாதத்துக் காத்திருப்பு என்ற ஒன்றே இந்த மனிதர்கள் பெற்றுத் தந்தது. அதற்கு முன் காத்திருக்க எதுவும் இல்லை. முதலாளி சொன்னது முடிவு.

முதலாளிகள் போகும்போது என்ன சொல்லப்படுகிறது என்று பாருங்கள். 2017 ஏப்ரலில் பாஸ்டன் அணியின் ஐசையா தாமஸ், தம் தங்கை விபத்தில் இறந்த மறுநாள் களமிறங்கி ஆடினார். அடுத்த மாதம், தங்கையின் பிறந்த நாளில், ஒரே ஆட்டத்தில் 53 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆகஸ்டிலேயே பாஸ்டன் அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. டொராண்டோவில் ஒன்பது பருவங்கள் ஆடிய டெமார் டெரோசனை அந்த அணி 2018இல் அனுப்பிவிட்டு, மாற்றாக காவாய் லெனர்டைப் பெற்றது. சியாட்டிலில் 41 பருவங்கள் ஆடிய சூப்பர்சோனிக்ஸ் அணியே 2008இல் மூட்டை முடிச்சோடு ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. இவற்றுக்கெல்லாம் 'வியாபாரம்' என்று பெயர். ஆட்டக்காரன் போனால் மட்டும் அது அறம் சார்ந்த பிரச்சினையாகிவிடுகிறது. ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள். எந்தப் பெயர் என்பதைச் செய்தவனின் செல்வாக்கு தீர்மானிக்கிறது. மொழியை நேசிப்பவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் இது.

நம் தரப்புக்கு எதிராக மூன்று வாதங்கள் வரும். லெப்ரான் அறிவித்த முறை குரூரமானது என்பது முதல் வாதம். ஒப்புக்கொள்கிறோம். விளம்பர வருவாயிலிருந்து சிறார் மன்றங்களுக்கு ஏறத்தாழ 25 லட்சம் டாலர் போயிற்று என்பது அந்தக் குரூரத்தைக் குறைக்காது. ஆனால் ஒரு நகரத்தின் பதற்றத்தை ஒரு மணி நேரச் சரக்காக்கி விற்றதில் தொலைக்காட்சியும் விளம்பரதாரர்களும் பங்காளிகள். அவர்களுடைய பெயரை யாரும் தெருவில் எரிக்கவில்லை.

கோடீஸ்வரனுக்காக ஏன் பரிந்து பேச வேண்டும் என்பது இரண்டாவது. அவனைவிடப் பன்மடங்கு பெரிய கோடீஸ்வரனுக்காகத்தான் ரசிகன் இப்போது பரிந்து பேசிக்கொண்டிருக்கிறான் என்பதே நம் பதில்.

மூன்றாவது வாதம் கனமானது: சிறு நகரங்களிலிருந்து எல்லோரும் கடற்கரைகளுக்கும் பெருநகரங்களுக்கும் போய்விட்டால் கிளீவ்லாந்துகளின் கதி என்ன? இந்த அச்சம் நியாயமானது. ஆனால் உரிமையைப் பறிப்பது அதற்கு மருந்தல்ல. டிம் டங்கன் 2000ஆம் ஆண்டில் ஆர்லாண்டோ அழைத்தும் போகாமல், பெரிய சந்தையல்லாத சான் அன்டோனியோவிலேயே 19 பருவங்கள் ஆடி ஐந்து கோப்பைகளை வென்றார். போக முடிந்தவன் இருப்பதுதான் விசுவாசம். போக முடியாதவன் இருப்பதற்கு வேறு பெயர்.

அந்தக் கிளீவ்லாந்துக்கே லெப்ரான் 2014இல் திரும்பி வந்தார். வருவதற்குச் சில நாட்கள் முன்புவரை கில்பர்ட்டின் கடிதம் அணியின் இணையதளத்திலேயே இருந்தது. பிறகு சத்தமில்லாமல் அகற்றப்பட்டது. 2016 இறுதிச்சுற்றில் 1-3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு கோப்பையை வென்றபோது 52 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. 2018இல் அவர் மறுபடியும், இம்முறை லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். அந்த நவம்பரில் எதிரணி ஆட்டக்காரராக வந்தவரை கிளீவ்லாந்து அரங்கம் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றது. இடையில் ஒரு கோப்பை வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் துரோகம் என்ற சொல் ஒரு கோப்பையில் கரைந்துவிடுமானால், அது அறத்தைக் குறித்த சொல்லே அல்ல. ஏமாற்றத்தைக் குறித்த சொல்.

ரசிகனின் கோபம் சரியான முகவரிக்குப் போனதற்கும் சான்று உண்டு. 2025 பிப்ரவரியில் டாலஸ் அணி, முந்தைய ஆண்டு தன்னை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோன லூகா டான்சிச்சை நள்ளிரவில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றியது. அவரைக் கேட்கவில்லை, ரசிகர்களையும் கேட்கவில்லை. மக்கள் அரங்க வாசலுக்குச் சவப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். மாதக்கணக்கில் பொது மேலாளரை நீக்கச் சொல்லி அரங்குக்குள் முழங்கினார்கள். அந்த நவம்பரில் அவர் நீக்கப்பட்டார். ஜெர்ஸியை எரித்து எந்த ஊரும் இதைச் சாதித்ததில்லை.

கடைசியாக, கிளீவ்லாந்து ரசிகன் அறிந்தும் பேசாத ஒன்று. 1994இல் திறக்கப்பட்ட அந்த அரங்கத்தைக் கட்ட உதவியது, மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விதிக்கப்பட்ட வரி. 1990இல் கயஹோகா மாவட்ட வாக்காளர்கள் அதற்கு ஒப்புதல் அளித்தார்கள். 2014இல் மேலும் இருபது ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். ரசிகன் நுழைவுச்சீட்டுக்கு மட்டும் பணம் தரவில்லை. அவன் குடித்த ஒவ்வொரு பீரிலும் அரங்கத்துக்கு ஒரு பங்கு போயிற்று. அந்த வீட்டில் உண்டவர்களின் பட்டியலை எழுதுவதானால் லெப்ரானின் பெயருக்கு மேலே எழுத வேண்டிய பெயர்கள் பல இருக்கின்றன.

ஆகவே ரசிகனைக் காத்திருக்காதே என்று நாம் சொல்லவில்லை. போனவனுக்காக அழுவதும் இயல்புதான். அழுது முடித்த பின், தன் வரிப்பணத்தில் கட்டிய அரங்கத்தில் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அவன் உரிமையாளரைக் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள். எரியும் ஜெர்ஸிக்கு அஞ்சுவதில்லை. அடுத்த பருவத்தில் புதிய பெயரோடு இன்னொன்றை விற்றுவிடுவார்கள்.