செஞ்சி மாணவர்களும் பயிற்சித் தொண்டும்

செஞ்சி என்றால் நமது மக்களுக்கு நினைவுக்கு வருவது கோட்டையும் தேசிங்குராஜன் கதையுமேயாகும். 1714-ம் வருஷத்தில் ஆற்காட்டு நவாபின் படையோடு சண்டை போட்டு மாண்டுபோன ஒரு வாலிபனைப் பற்றி இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் சம்பந்தமான 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டதில், 11 மகாராஷ்டிரத்தில் இருக்க, பாக்கி ஒன்று நமது செஞ்சிக் கோட்டையாய் இருப்பது பற்றி ஊரார் பெருமைப்படுகிறார்கள். படட்டும், நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோட்டைக்கு 1649-ல் பீஜப்பூரார் வந்தார்கள், 1677-ல் சிவாஜி வந்தார், 1698-ல் மொகலாயர் வந்தார்கள், 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் இங்கிலீஷ்காரரும் வந்தார்கள். எவர் வந்தாலும் அடிவாரத்தில் கல் சுமந்தவன் பிள்ளை கல்தான் சுமந்தான்; கணக்கு எழுதினவன் பிள்ளை கணக்குத்தான் எழுதினான். ராஜகிரியின் சாவி எத்தனையோ கை மாறியும், வித்தையின் சாவி மாத்திரம் கை மாறவேயில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இதை எதற்குச் சொல்லுகிறோமென்றால், இன்று செஞ்சிச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக ஏராளமான பிள்ளைகள் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் பஸ் ஏறிப் போய்க் கல்லூரியில் படித்துவிட்டு வருகிறார்கள். இவர்களில் அநேகர் தங்கள் குடும்பத்தில் முதல் முதல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அங்கே மாணவர் சங்கங்களில் சேர்ந்து மேடையில் பேசவும், கூட்டம் நடத்தவும், கம்ப்யூட்டரில் வேலை செய்யவும், மனு எழுதவும் பழகிக்கொள்ளுகிறார்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் சாயந்திரம் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அந்த வித்தை எங்கே போகிறது? பக்கத்து வீட்டு அம்மாள் முதியோர் உதவித் தொகைக்கு மனு எழுதக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டுப் பையன் வேலைக்கு விண்ணப்பம் போடக் கடைக்காரனிடம் பணம் கட்டிக் காத்துக்கொண்டிருக்கிறான். படித்த பிள்ளையோ திண்ணையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால், வித்தை பழைய வீட்டிலிருந்து புதிய வீட்டுக்குக் குடி மாறியிருக்கிறதே தவிர, பூட்டு கழற்றப்படவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆகவே, மாணவர் சங்கத்தில் ஒரு திறமையைக் கற்றுக்கொண்ட ஒவ்வொருவரும் அதை மற்றவர்க்குப் பழக்கிக் கொடுக்கும் தொண்டராக, அதாவது கூலியில்லாத பயிற்றுநராக ஆகவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். “நானே நேற்றுக் கற்றவன், நான் எப்படிக் கற்பிப்பது?” என்று சிலர் கேட்பார்கள். நேற்றுக் கற்றவன்தான் நன்றாகக் கற்பிப்பான். எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது அவனுக்கு மறந்திருக்காது.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகள் விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நமது திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். 1797-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். “மதராஸ் முறை” என்ற பெயரால் சீமையெல்லாம் அது பரவிற்று. நம்மவர்களோ அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார விட்டார்களா? இல்லை. உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் சட்டாம்பிள்ளை என்று ஒருவனை வைத்து, அவன் கையில் ஒரு பிரம்பையும் கொடுத்தார்கள். முறை நல்லது, பிரம்பு கெட்டது. நமக்கு வேண்டியது முறை மாத்திரமே.

நமது இயக்கத்திலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. கும்பகோணம் அரசினர் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானையும் மற்ற மாணவர்களுக்கு வேறு தண்ணீர்ப் பானையும் வைத்திருந்த அக்கிரமத்தின் பேரில் கிளம்பிய கிளர்ச்சியில்தான், 1943 டிசம்பர் 1-ந் தேதி திராவிட மாணவர் கழகம் பிறந்தது. அந்த மாணவர்கள் பானையை ஒன்றாக்கியதோடு படுத்துக்கொள்ளவில்லை. விடுமுறை வந்தால் ஊர் ஊராய்ப் போய்ப் பேசினார்கள். கடலூரில் ஆசிரியர் ஆ.திராவிடமணி பத்து வயதுப் பையன் ஒருவனைப் பேசப் பழக்கினார். அந்தப் பையன் 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டு மேடையில் ஏறிப் பேசினான். பின்னால் திராவிடர் கழகத்துக்கே தலைமை தாங்கிய கி.வீரமணிதான் அவன். அன்று கடலூரும் செஞ்சியும் ஒரே தென்னாற்காடு ஜில்லா என்பதை நமது வாலிபர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம். மேடைப் பேச்சு என்பது யாரோ சிலர் நாக்கில் சரஸ்வதி வந்து எழுதிவிட்டுப் போவது என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அது பழகினால் எவருக்கும் வரும் ஒரு தொழில் என்று காட்டியதே பெரிய பகுத்தறிவுப் பிரசாரமாகும்.

வெளி தேசத்திலும் பாருங்கள். 1961-ல் கியூபாவில் சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் ஆளுக்கொரு விளக்கும் பாடப் புத்தகமும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போய்க் குடியானவர் வீடுகளில் தங்கிக் கற்பித்தார்கள். மற்றத் தொண்டர்களோடு சேர்ந்து அந்த ஒரே வருஷத்தில் ஏழு லட்சம் பேருக்கு மேல் எழுத்தறிவித்தார்கள். இங்கே 1990-களில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் புதுக்கோட்டையில் எழுத்தோடு நிற்காமல் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் விடவும் பழக்கினார்கள். புருஷன் வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று காத்திருந்தவள் தானே மிதித்துப் போனாள். பெண் விடுதலை என்று மேடையில் ஆயிரம் பேசுவதைவிட அந்த மிதி பெரிதல்லவா? நமது ஜில்லாவிலேயே மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27-ந் தேதி “இல்லம் தேடிக் கல்வி” துவக்கப்பட்டது. தொண்டர் என்ற பெயரால் மதவெறிக் கூட்டத்தார் பிள்ளைகளிடம் புகுந்துவிடுவார்களே என்று நமது இயக்கத்தார் அப்போது எச்சரித்தது நியாயமே. அந்தப் பயத்துக்கு நல்ல மருந்து என்னவென்றால், நமது வாலிபர்கள் முந்திக்கொண்டு அந்த இடத்தில் நிற்பதுதான். காலி நாற்காலியில் எவனும் உட்காருவான்.

நிற்க, “கைத்திறன்” என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மவர்கள் கொஞ்சம் விழித்துக்கொள்ள வேண்டியதும் அவசியம். 1953-ல் ஆச்சாரியார் கொண்டுவந்த திட்டமும் கைத்திறன் பேரைச் சொல்லித்தான் வந்தது. பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றார்கள். அதைக் குலக்கல்வி என்று பெரியார் பேர் சொல்லி எதிர்த்து, 1954-ல் காமராசர் வந்து ஒழித்துக்கட்டியது எல்லோருக்கும் தெரியும். 2023-ல் மத்திய சர்க்கார் “விஸ்வகர்மா” என்று பேர் வைத்துப் பரம்பரைத் தொழில் 18-க்கு உதவி என்று வந்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை கூடாது என்று சொல்லித் தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-ல் அதை ஏற்க மறுத்தது. வித்தியாசம் இதுதான்: அவர்கள் சொல்லும் திறமை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது; நாம் சொல்லும் திறமை எவனிடமிருந்தும் எவளுக்கும் போவது. சவரத் தொழிலாளியின் மகள் கம்ப்யூட்டர் பழக்கிக் கொடுக்க, கணக்குப்பிள்ளையின் பேரன் கீழே உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் அறையில் வருணாசிரமத்துக்கு என்ன வேலை?

ஆனால் பயிற்றுநராகிறவன் குருவாகிவிடக் கூடாது. இதுவே நமக்குள்ள பெரிய கவலை. நமது நாட்டில் கற்றுக் கொடுக்கிறவன் காலில் விழுவதும், அவன் கேட்டால் கட்டை விரலையும் அறுத்துக் கொடுப்பதும் பெருமை என்று கதை எழுதி வைத்திருக்கிறார்கள். செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய அவ்விடத்தில், சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் பட்டினி கிடந்து மாண்ட செய்தியைப் பழைய எழுத்தில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அவர் யாருக்கு என்ன கற்பித்தார் என்று அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை! பட்டினிக்குக் கல்வெட்டு, படிப்புக்கு ஒன்றுமில்லை. ஆகையால் நமது தொண்டனுக்குக் காலில் விழுகிற சீஷன் வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் அவன் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளக் கூடிய தோழனோ தோழியோதான் வேண்டும். சர்டிபிகேட்டுக்காக வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காகிதம் கிடைத்ததும் அவர்கள் போய்விடுவார்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: பதினைந்து இருபது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். வட்டமாக உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் பயிற்றுநர் பேசுவது பத்து நிமிஷம், மற்றவர்கள் செய்து பார்ப்பது ஐம்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செய்து காட்டுங்கள், பிறகு கூடச் செய்யுங்கள், பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். இந்த மூன்றாவதுதான் கஷ்டம். படித்தவனுக்குக் கை துருதுருவென்று இருக்கும். பெண்களைப் பின்வரிசையில் உட்கார வைத்தால் அது பயிற்சி வகுப்பல்ல, கதாகாலட்சேபம். புதிதாகப் பயிற்றுநராகிறவர் முதலில் இரண்டே பேருக்கு ஒரே ஒரு விஷயத்தைக் கற்பிக்கட்டும். பழகியவர் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துப் பிறகு தனியாகக் குறைகளைச் சொல்லட்டும்.

எதைக் கற்பிப்பது என்பதற்கும் குறைவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது அதன் விதி. அந்த மனுவை எழுதப் பழக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கூடும் கிராம சபையில் எழுந்து நின்று மூன்று நிமிஷம் நடுங்காமல் பேசப் பழக்கலாம். கோட்டையைப் பார்க்க வெளியூரார் வருகிறார்களே, களஞ்சியம் எது, கல்யாண மகால் எது, எந்த மதிலை எவன் பிடித்தான் என்று வருஷத்தோடு எடுத்துச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கலாம். கட்டுக்கதை சொல்லிக் காசு வாங்குகிறவனுக்கு அது ஒரு போட்டியாகவும் இருக்கும்.

படிப்பகம் உள்ள ஊர்த் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இரண்டு மணி நேரம் அதன் பெஞ்சுகளை இக்காரியத்துக்கு ஒழித்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். கேரம் பலகையைச் சற்று ஓரமாக நகர்த்தி வைத்தால் இடம் போதும்.