மேலதிக நேரம் கேட்பதில் என்ன வெட்கம்?

ஆசிரியருக்கு,

எங்கள் அயல் லயத்துப் பையன் 25 மாவட்டங்களின் பொறியியல் வெட்டுப்புள்ளியையும் தசமம் பிசகாமல் ஒப்புவிப்பான். பரீட்சை மண்டபத்தில் மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவான். அவனுக்கு அஸ்பேர்ஜர், 2013 முதல் அமெரிக்க மனநலக் கையேடு இதை ஆட்டிசத்தோடு சேர்த்தே சொல்கிறது.

இவனைப் போன்ற விசேட தேவையுடையோருக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம் தருகிறது. பல்கலைக்கழக அனுமதியிலும் விசேட ஏற்பாடு உண்டு. கேட்கத்தான் ஆளில்லை. "பைத்தியம்னு பேரு கட்டிருவாங்க" என்கிறார் கொழுந்தெடுக்கும் அவனது தாய். தகப்பனுக்கோ எஞ்சினியர் கனவு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம்தானே, பல்கலைக்கழக அனுமதியில் அதற்கான ஒதுக்கீடு காப்பாற்றும் என்கிறார். அந்த ஒதுக்கீடே மொத்தம் 5 வீதம், அதையும் பல மாவட்டங்கள் பங்குபோட வேண்டும்!

உயர்தர விண்ணப்பம் நிரப்பும் காலத்திலேயே வலப்பனை வலயப் பாடசாலைகள் இத்தகைய பெற்றோரை அழைத்து, மருத்துவ அறிக்கையோடு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லிக்கொடுக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
வலப்பனை.