தோற்றவர் சோம்பேறியா?

தேர்வு முடிவு வெளியானதும் நம் ஊர்களில் ஒரு தீர்ப்பும் வெளியாகிவிடுகிறது: வென்றவர் உழைப்பாளி, தோற்றவர் சோம்பேறி. இத்தீர்ப்பை நாம் மறுக்கிறோம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2024 சூன் மாதத்தில் நடத்திய தொகுதி நான்கு தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 20 இலட்சம். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன. அப்போதும் ஓர் இடத்துக்கு 200 பேருக்குக் குறையவில்லை. அந்த 200 பேரும் இரவு பகலாய்ப் படித்தாலும் நாற்காலி ஒருவருக்கே. மற்றவர்களின் தோல்வி, அவர்கள் நூலைத் திறக்குமுன்பே கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

"முயன்றால் முடியும்" என்பது ஒருவருக்கு ஊக்கமாகலாம். 20 இலட்சம் பேருக்கும் சொன்னால் அது பொய். அப்பொய்யால் பிழைப்போரும் உளர். பயிற்சி மையங்களின் சுவரொட்டிகளில் வென்றோர் முகங்கள் சிரிக்கின்றன. கட்டணம் செலுத்தித் தோற்றோர் எத்தனை பேர் என்று எந்தச் சுவரொட்டி சொல்லிற்று?

படிக்க வேண்டாம் என்கிறோமா? இல்லை. பத்தாம் வகுப்புத் தகுதியும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கும் இத்தேர்வு, பரிந்துரைக்கு ஆளில்லாத ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு நேரிய வாசல். ஆனால் அவ்வாசலில் எத்தனை ஆண்டு காத்திருப்பது? பெற்றோரே, அதை முதல் ஆண்டிலேயே மகனோடும் மகளோடும் அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். கூடவே ஒரு தொழிலும் கற்கட்டும்.

திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் அப்பிள்ளைகளைக் காணும்போது, "ஏன் தோற்றாய்?" என நாம் கேட்கவேண்டாம். "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்போம், கேட்டபின் உடன் நிற்போம்.