கம்ப்யூட்டர் சாகல, கொஞ்சம் பொறுங்க

ஆலயத் தொண்டூழியர்கள் சார்பா எழுதறோம். நீளமான பதிவு, கொஞ்சம் கோபமாவும் இருக்கும். பூஜை நேரத்துல கைப்பேசியத் திறந்து படிக்காதீங்க, வீட்டுக்குப் போய் பொறுமையா படிங்க.

தைப்பூசத்துக்கு முன்னாடி ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணோம். பழைய குத்துவிளக்கு, கிழிஞ்ச பந்தல் துணி, கால் உடைஞ்ச நாற்காலி, இதெல்லாம் வருஷா வருஷம் பாக்கறதுதான். இந்தத் தடவை புதுசா ஒரு குவியல். ஏழு லேப்டாப், நாலு டெஸ்க்டாப். எல்லாம் தீபாவளிக்கு அப்புறம் "கோயிலுக்குத் தானம்"னு சொல்லி வச்சுட்டுப் போனது. சரி, என்னதான் ஆச்சுன்னு ஒவ்வொண்ணா பிளக் போட்டுப் பார்த்தோம். 11-ல 9 நல்லா ஓடுது! மீதி ரெண்டுல ஒண்ணுக்கு ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, இன்னொண்ணு மேல யாரோ மைலோ ஊத்தியிருக்காங்க.

ஓடற ஒன்பதையும் ஏன் கொண்டு வந்து போட்டாங்க? விசாரிச்சா எல்லாரும் ஒரே பதில்: "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே, இதுல 11 ஏறாதாமே."

முடிஞ்சது என்னன்னு தெளிவா சொல்லிடறோம். 2025 அக்டோபர் 14, அதாவது தீபாவளிக்கு ஆறு நாள் முன்னாடி, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திடுச்சு. அன்னிக்கு யார் வீட்டுக் கம்ப்யூட்டரும் அணையல. இனிமே பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சா அடைச்சுத் தர மாட்டோம்னு அர்த்தம், அவ்வளவுதான். அது சின்ன விஷயம்னு சொல்லல. வங்கிக் கணக்குப் பாக்கற கம்ப்யூட்டர்ல ஓட்டை இருக்கறது ஆபத்துதான். ஆனா அதுக்காக மிஷினே செத்துப் போச்சுன்னு யார் சொன்னது? விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ன்னு ஒரு பாதுகாப்பு சில்லு வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸர் வேணும். 2016, 2017-ல வாங்கின நிறைய லேப்டாப் இதுல பாஸ் ஆகாது. ரேம் இருக்கு, திரை இருக்கு, கீபோர்டு இருக்கு, ஆனா அனுமதிச் சீட்டு இல்ல. அவ்வளவுதான் கதை.

எங்களுக்கு வயிறு எரிஞ்சது எங்கன்னு சொல்றோம். அன்னதானக் கூடத்துல எங்களோட உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற அக்கா ஒருத்தங்க. பள்ளி சிற்றுண்டிச்சாலையில வேலை. பையன் படிவம் 3. கடையில காட்டினாங்களாம், "இது அவ்வளவுதான், தூக்கிப் போட்டுடுங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. 2,400 ரிங்கிட்டுக்குப் புதுசு, 12 மாசத் தவணை. மாசம் 200 கட்டறாங்க. பையன் கம்ப்யூட்டர்ல என்ன செய்யறான்னு கேட்டோம். டெலிமாவுல கூகுள் கிளாஸ்ரூம், யூடியூப், ஃபோலியோ டைப் பண்றது. இந்த மூணுக்கு 2,400! அவங்க கொண்டு வந்து போட்ட பழைய லேப்டாப் அந்த ஒன்பதுல ஒண்ணு. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். இந்தப் பதிவை டைப் பண்றது அதுலதான்.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். ஆயுத பூஜைக்கு எத்தனை பேர் வீட்டுல கம்ப்யூட்டருக்கு சந்தனம் குங்குமம் வச்சீங்க? அக்டோபர் 1-ம் தேதி பொட்டு வச்சு கற்பூரம் காட்டினோம், ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கம்பெனி தேதி சொன்னதும் தூக்கிப் போட்டுட்டோம். கருவியைக் கும்பிடறவங்க நாம. பொட்டு அழியறதுக்குள்ள ஸ்டோர் ரூமுக்கு அனுப்பினா என்ன பக்தி அது? அதுக்குப் பேரு தானமும் இல்ல, மன்னிச்சுக்குங்க. வேண்டாத பொருளைப் போட இடம் தேடினீங்க, கோயில் கிடைச்சது. மின்னணுக் கழிவு நம்ம நாட்டுச் சட்டத்துல எஸ்டபிள்யூ 110-ங்கிற வகையில வர்ற அட்டவணைக் கழிவு. நாங்களும் சும்மா குப்பைத் தொட்டியில தள்ளிட முடியாது.

அப்ப என்ன செய்யலாம்? லினக்ஸ் போடுங்க.

லினக்ஸ்னதும் பயப்படறாங்க. 1991-ல பின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு மாணவர் தொடங்கினது. இன்னிக்கு உங்க ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ள ஓடற கர்னல் அதுதான். உலகத்தோட 500 வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்களும் அதுலதான் ஓடுது. வீட்டுக்குன்னா நாங்க போடறது லினக்ஸ் மின்ட். கீழ இடது மூலையில மெனு, பக்கத்துல பட்டை, வலது மூலையில மணி. விண்டோஸ் 7 பழகின தாத்தா கூட வழி தவற மாட்டார். 22-ம் பதிப்புக்கு 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். 4 ஜிபி ரேம் இருந்தா போதும்.

கூட்டத்துல இதைச் சொன்னப்ப மூத்தவர் ஒருத்தர், எங்களுக்கு ரொம்ப மரியாதைக்குரியவர், "தம்பி, இலவசமா வர்றது எதுவும் உருப்படாது"ன்னார். அய்யா, நீங்க சொன்னது அன்னதானக் கூடத்துல உட்கார்ந்துகிட்டு! சாம்பார் இலவசம்தான், அதனால பருப்பு குறையுதா? அரிசி யாரோ உபயம், காய்கறி யாரோ உபயம், வெட்டறது நாலு பேர். சாப்பிடறவருக்கு இலவசம், சமைச்சதுக்கு செலவு இருக்கு. லினக்ஸும் அப்படித்தான். பெரிய பெரிய கம்பெனிங்க ஆளும் காசும் கொடுக்கறாங்க. மைக்ரோசாஃப்டே 2016-லிருந்து லினக்ஸ் அறக்கட்டளையில உறுப்பினர்னு சொன்னா நம்புவீங்களா? மின்ட் நடத்தறவங்க மாசா மாசம் நன்கொடை கொடுத்தவங்க பேரைப் போடறாங்க, நம்ம உபயகாரர் பட்டியல் மாதிரியே. டியூப் லைட்டு மேல மட்டும் பேர் எழுதறது இல்ல.

அடுத்தது நம்ம இளைஞர்களுக்கு. "எதுக்கு அண்ணே லினக்ஸ், 30 வெள்ளிக்கு கிராக் பண்ண விண்டோஸ் 11 போட்டுத் தர்றாங்க, பழைய மிஷின்லயும் ஏத்திடுவாங்க." தெரியும் தம்பி. அந்த கிராக் போடறதுக்கு முதல் வேலையா ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வாங்க. ஏன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? வீட்டுக் கதவைத் திறந்து வச்சுட்டு, உள்ள வர்ற ஆளு நல்லவன்னு நம்பறது. அப்புறம் அம்மாவோட வங்கிக் கணக்குல அதே கம்ப்யூட்டர்ல நுழையற. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், திருட்டு திருட்டுதான். உண்டியல்ல பத்து வெள்ளி எடுத்தா ஊரே கூடுது, மென்பொருள்னா சிரிச்சுட்டுப் போறோம். லினக்ஸை எத்தனை பேருக்கு வேணும்னாலும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், உரிமமே அப்படி எழுதியிருக்கு. பென்டிரைவை நண்பனுக்குக் கொடுக்கறப்ப தலை குனிய வேண்டியதில்ல.

எங்க ஆளுங்களையும் விட்டுவைக்கல. லினக்ஸ் தெரிஞ்ச சில பேர் இருக்காங்க, ஒரு அக்கா வந்து பிரிண்டர் வரலன்னு கேட்டா கறுப்புத் திரையைத் திறந்து இருபது கமாண்ட் அடிச்சுக் காட்டி, "இது கூடத் தெரியாதா"ன்னு பார்ப்பாங்க. தொண்டுன்னு வந்தா அந்தத் திமிரைச் செருப்போட வெளிய விட்டுட்டு வாங்க.

எல்லாருக்கும் ஒத்து வரும்னு பொய் சொல்ல மாட்டோம். ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் வச்சுப் பொழைக்கறவங்க மாறாதீங்க. விண்டோஸ்ல மட்டும் ஓடற கணக்கு மென்பொருள் வச்சு வியாபாரம் பண்றவங்களும் வேணாம். வேலோரன்ட் ஆடற பையன் வீட்டுல சண்டை வரும், அது ஓடாது. வேர்ட், எக்செல் கோப்பு லிபர் ஆபிஸ்ல திறக்கும், ஆனா சில நேரம் கட்டம் நகரும், எழுத்துரு மாறும். பழைய பிரிண்டர் சிலது முரண்டு பிடிக்கும். இவங்களுக்கெல்லாம் வேற வழி இருக்கு, அதையும் கடையில யாரும் சொல்லல: மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் விண்டோஸ் 10-க்கு நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட் தருது. மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸை அவங்ககிட்ட சேமிச்சு வச்சா காசு இல்ல, இல்லன்னா 30 அமெரிக்க டாலர். அந்த நேரத்துல நிதானமா யோசிக்கலாம். பிரவுசர்ல நடக்கற வேலைக்கெல்லாம், அதாவது வங்கி, வரிக் கணக்கு, வாட்ஸ்அப், பள்ளிப் பாடம், லினக்ஸ் தாராளம். ஜூமும் இருக்கு.

தமிழ்? அதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க, சந்தோஷம். நம்ம நாட்டு முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சல்ல தமிழ்99 பழகினவங்க விரல் எதையும் மறக்க வேண்டியதில்ல. லினக்ஸ்லயும் தமிழ்99 இருக்கு, ஆங்கில எழுத்துல ஒலிச்சு அடிக்கிற முறையும் இருக்கு. யூனிகோடுக்கு முந்தின எழுத்துருல அடிச்ச பழைய திருவிழா அழைப்பிதழ் மட்டும் கிறுக்கலாத் தெரியும். பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து வச்சா சரியாகிடும். மெனுவை முழுசா தமிழ்ல பாக்கணும்னா அந்த மொழிபெயர்ப்பு இன்னும் முடியல. நல்லா தமிழ் தெரிஞ்ச ஆசிரியர்கள் இதைப் படிச்சா அங்க ஒரு தொண்டு காத்துகிட்டு இருக்கு.

இப்ப எங்க தப்பு. மறைச்சா இவ்வளவு பேசினதுக்கு அர்த்தமில்ல. போன வருஷக் கடைசியில ஒரு குடும்பத்தோட டெஸ்க்டாப்புக்கு லினக்ஸ் போட்டோம். "ஃபைல் எல்லாம் எடுத்தாச்சா"ன்னு கேட்டோம், "எடுத்தாச்சு"ன்னாங்க, மொத்த டிஸ்கையும் அழிச்சுட்டோம். டி டிரைவ்ல அவங்க அப்பாவோட அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்தது. அப்பா இப்ப இல்ல. சொந்தக்காரங்க கைப்பேசியில இருந்து கொஞ்சம் திரும்பக் கிடைச்சது, எல்லாம் இல்ல. அந்தம்மா எங்களைத் திட்டவே இல்ல, அதுதான் தூங்க விடல. அன்னிலேர்ந்து விதி மாத்திட்டோம். டிஸ்க்கைத் திறந்து, உரிமையாளரைப் பக்கத்துல உட்கார வச்சு, ஒவ்வொரு ஃபோல்டரா காட்டி, வெளி ஹார்ட் டிஸ்க்ல பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத் திறந்து பார்த்த பிறகுதான் கை வைப்போம். யாராவது அவசரப்படுத்தினா வேலையே செய்ய மாட்டோம்.

அழிக்காமலே சோதிச்சும் பாக்கலாம். பென்டிரைவ்ல மின்ட்டைப் போட்டு அதுலேர்ந்தே ஓட்டலாம், உள்ள இருக்கற விண்டோஸைத் தொடாது. வைஃபை வருதா, சத்தம் வருதா, பிரிண்டர் பேசுதான்னு பார்த்துட்டு, பிடிக்கலன்னா பென்டிரைவைப் பிடுங்கிட்டு எழுந்து போயிடலாம். இடம் இருந்தா ரெண்டையும் ஒரே மிஷின்ல வச்சுக்கலாம்.

ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதுலேர்ந்து அன்னதானம் வரைக்கும் மண்டபத்துப் பக்கவாட்டுல மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். காசு வேணாம். புதுசு வாங்க முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து காட்டுங்க, கட்டின பிறகு வந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அந்த ஒன்பதுல ஆறு கோயில் தமிழ் வகுப்புக்குப் போகுது. மூணு உரியவங்ககிட்டயே திரும்பப் போகுது, கேட்டுட்டாங்க. அக்காவோடதும் அதுல ஒண்ணு. இந்தப் பதிவைப் போட்டதும் திருப்பிக் கொடுத்துடுவோம், சின்ன மகளுக்காம். இனிமே ஸ்டோர் ரூம்ல கம்ப்யூட்டர் வாங்க மாட்டோம், வாசல்ல இருக்கற அண்ணன்கிட்ட சொல்லியாச்சு.

வரும்போது சார்ஜரை மறக்காதீங்க. போன ஞாயிறு நாலு பேர் சார்ஜர் இல்லாம வந்து, பாயசம் மட்டும் குடிச்சுட்டுப் போனாங்க.