பஞ்சும் பழியும்

வசந்தம் முதிரும் காலத்தில் காஷ்மீரத்து ஸ்ரீநகரில் ஆண்டுதோறும் வெண்பஞ்சு பறக்கிறது. வீதிகளிலும், வீட்டு முற்றங்களிலும், ஜீலம் நதியின் நீர்ப்பரப்பிலும் அது பனிபோல் படிகிறது. அதே நாட்களில் தும்மலும் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் கொண்ட ஜனங்கள் வைத்தியசாலைகளை நாடுகின்றனர். இரண்டையும் ஒருங்கே கண்டவர்கள், பஞ்சே பிணிக்குக் காரணமென்று முடிவு கட்டிவிட்டனர். 2015ஆம் ஆண்டில் ஜம்மு-காஷ்மீர் உயர்நீதிமன்றம், பஞ்சு சொரியும் பெண் பாப்லார் மரங்களை வெட்டி அகற்றுமாறு ஆணையிட்டது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, பஞ்சினால் எழும் தும்மல் தொற்றைப் பெருக்கிவிடும் என்ற அச்சத்தால் அதிகாரிகள் மீண்டும் கோடரியை எடுத்தனர். ஜனங்களின் சுகத்தில் அக்கறை காட்டுவதற்காக எந்த ஆட்சியையும் நாம் குறைகூற முற்படோம். ஆனால் தண்டனை உரிய இடத்தில்தான் விழுந்ததா என்று கேட்பது பத்திரிகையின் கடமையாகும்.

முதற்கண், பஞ்சு வேறு, மகரந்தம் வேறு. பாப்லார் இனத்தில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரம் மார்ச், ஏப்ரல் மாதங்களில், இலை விரியுமுன்னரே, மகரந்தத்தைக் காற்றில் விடுகிறது. பெண் மரத்தின் காய்கள் மே, ஜூன் மாதங்களில் வெடித்து, விதையைச் சுமந்த பஞ்சைப் பறக்கவிடுகின்றன. நம் ஊர் இலவங்காய் வெடிப்பதை ஒத்த செயலே இது. வசந்தகாலத் தும்மலுக்குக் காரணம் மகரந்தமே என்பதை மான்செஸ்டர் நகரத்து வைத்தியர் சார்லஸ் பிளாக்லி தம் உடம்பிலேயே சோதித்து அறிந்து, 1873ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மகரந்தத் துகளிலுள்ள புரதத்தைச் சிலருடைய உடல் பகையென மயங்கி எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பில் சுரக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளே மூக்கை ஒழுக வைத்து, கண்ணைச் சிவக்கச் செய்கிறது. பஞ்சின் இழையோ பெரும்பாலும் வெறும் நார்ப்பொருள். அது மூக்கை உறுத்தலாம், வழியிலுள்ள தூசியையும் பிற மகரந்தத்தையும் ஒட்டிக்கொண்டு வரலாம், தீப்பற்றுவதற்கும் ஏதுவாகலாம். தொல்லைதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பஞ்சு பறக்கும் அதே வாரங்களில் புல்லினங்களின் மகரந்தமும் காற்றில் நிறைந்திருக்கிறது. அது கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலால் அதன்மேல் யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்ற பழமொழிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

பெண் மரங்களை வெட்டிவிட்டு, பஞ்சு தராத ஆண் மரங்களை நடலாம் என்று யோசனை சொல்வாரும் உளர். பார்வைக்கு அது சுத்தமான ஏற்பாடுதான். ஆனால் மகரந்தம் தருவது ஆண் மரமல்லவா? நகரெங்கும் ஆண் மரங்களையே நிறைத்தால், பஞ்சு ஒழியும், மகரந்தம் பெருகும். கண்ணுக்குத் தெரிந்த தொல்லையை நீக்கிக் கண்ணுக்குத் தெரியாத நோயை விலைக்கு வாங்கியவர்களாவோம். இன்னொன்றும் கூறவேண்டும். காஷ்மீரத்தின் பெருமையாகப் போற்றப்படுவதும், சட்டத்தின் காவலில் நிற்பதுமான சினார் மரமும் காற்றில் மகரந்தம் தூவும் இனமே. அதுவும் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கவல்லதே. மகரந்தம் உடையது என்பதற்காகச் சினாரை வெட்ட வேண்டுமென்று யாரும் சொல்லார், நாமும் சொல்லோம். ஒரே நியாயம் இரண்டு மரங்களுக்கும் பொருந்தவில்லையென்றால், அந்த நியாயத்தில் பழுதுண்டு என்பதே பொருள்.

வெட்டப்பட்ட மரத்தின் சரிதத்தையும் கவனிப்போம். 'ருஷ்ய பாப்லார்' என்று வழங்கும் இம்மரம் ருஷ்யாவைச் சேர்ந்ததன்று; அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1982ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவி பெற்ற சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் காஷ்மீரத்திற்கு வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பயன் தருவதால், குடியானவர்கள் அதை வயலோரங்களில் நட்டு, மகள் கல்யாணத்திற்கும் மகன் படிப்புக்கும் உதவும் வைப்புநிதிபோல் காத்து வந்தனர். ஆப்பிள் பெட்டிகளுக்கும் ஒட்டுப்பலகைக்கும் பாப்லாரே ஆதாரம். புல்வாமா ஜில்லாவிலுள்ள உக்கூ கிராமத்தில் பாப்லார் மரத்தை அறுத்துச் செய்யும் பலகைகளே இந்தியச் சிறுவர்களின் கையிலுள்ள பென்சில்களாகின்றன. நடச் சொன்னதும் சர்க்கார். வெட்டச் சொன்னதும் சர்க்கார். இடையே நஷ்டத்தைச் சுமப்பவன் குடியானவன்.

மரத்தால் நோயே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஜப்பான் தேசத்தைப் பாருங்கள். யுத்தத்தில் அழிந்த நகரங்களை எழுப்ப மரம் வேண்டி, மலைகளெங்கும் சுகி என்னும் ஒரே இனத்தை அந்நாட்டார் நட்டனர். 1964ஆம் ஆண்டில் நிக்கோ பகுதியில் அதன் மகரந்த நோய் முதன்முதல் வைத்தியர்களால் பதிவு செய்யப்பெற்றது. இன்றோ அந்நாட்டினரில் ஐந்தில் இருவர் அளவுக்கு அந்நோய்க்கு ஆளாகியிருக்கின்றனர். ஆனால் ஜப்பானியர் ஒரே நாளில் கோடரி எடுக்கவில்லை. சுகித் தோப்புகளைப் பத்தாண்டுகளில் 20 சதவிகிதம் குறைத்து, மகரந்தம் குறைந்த நாற்றுகளை நட்டு, முப்பதாண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவதென்று 2023ஆம் ஆண்டில் திட்டம் வகுத்தனர். பாகிஸ்தானின் தலைநகர் இஸ்லாமாபாத்தும் 1960களில் காகித மல்பெரியை மிகுதியாக நட்டுவிட்டு, இன்று மார்ச் மாதந்தோறும் மூச்சுத் திணறுகிறது. இவ்விரண்டிலும் குற்றம் மரத்தினுடையதன்று. எங்கும் ஒரே இனத்தை முன்யோசனையின்றி நட்ட மனிதருடையது.

ஆகவே நம் நாட்டு நகரசபைகள் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, அளத்தல். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கிடுகிறது. மகரந்தம் அவற்றுள் ஒன்றன்று. சண்டீகர் நகருக்கு 2022ஆம் ஆண்டில் அங்குள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் மகரந்தப் பஞ்சாங்கம் ஒன்றை வகுத்தளித்தன. எந்த மாதத்தில் எந்த மகரந்தம் மிகும் என்று அறிந்தால், நோயாளி முன்கூட்டியே மருந்துண்ணலாம், வைத்தியரும் ஆயத்தமாகலாம். ஒவ்வொரு பெருநகரமும் இதைப் பின்பற்றட்டும். இரண்டாவது, நடுதல். பகட்டான பூக்களால் பூச்சிகளை அழைக்கும் மரங்களின் மகரந்தம் கனத்தது, பிசுபிசுப்பானது. காற்றில் அதிகம் மிதப்பதில்லை. அத்தகைய மரங்களைப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அருகில் நடலாம். எவ்வகையாயினும் ஒரே இனம் நகரத்தை ஆளலாகாது. மூன்றாவது, புகையை அடக்குதல். டீசல் புகை சுவாசப் பாதையைப் புண்படுத்தி, மகரந்தத்தின் தீமையை மிகுவிக்கிறது. புகையை விட்டுவிட்டு மரத்தைப் பிடிப்பது நேர்மையாகாது.

தெற்கே உள்ள நாமும் இதை அயலூர்ச் சங்கதியென்று ஒதுக்க இயலாது. தமிழ்நாடெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை உண்டாக்குவதென்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். செல்வர்கள் ஜன்னலை அடைத்துக் குளிர்சாதன அறையில் இருந்துகொள்வார்கள். தெருவில் நின்று உழைக்கும் கொத்தனுக்கும், தள்ளுவண்டிக்காரனுக்கும், போலீஸ்காரருக்கும் தெருக்காற்றே கதி. அவர்கள் சுவாசிப்பது என்னவென்று எண்ணிப் பார்த்துச் சொல்ல ஒரு கருவியும் ஒரு நிபுணரும் ஏற்படுத்துவது நகரசபைகளுக்குப் பெருஞ்செலவன்று. எதை வெட்டுவதென்ற கேள்வி அதற்குப் பின்னரே எழவேண்டும். அளந்தறியாமல் எடுக்கும் கோடரி நோயையும் தீர்க்காது, நிழலையும் மிஞ்சவிடாது.