வேற்றுக்கிரக எழுத்தும் கொடைரோடு பலகையும்

கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த மஞ்சள் பலகைதான். ஒரே ஊர்ப்பெயர், மூன்று எழுத்தில். இந்தி தெரியாதவருக்கு அதில் ஒரு வரி வெறும் கோடும் வளைவும்தான். ஆனாலும் அதை யாரும் கிறுக்கல் என்று நினைப்பதில்லை. தனக்குப் புரியாவிட்டாலும் அதைப் படிக்க எங்கோ ஆள் இருக்கிறார் என்பது தெரியும்.

படிக்க ஆளே இல்லாத எழுத்தை என்ன செய்வது? சினிமாவில் வரும் வேற்றுக்கிரக எழுத்துகள் அந்த ரகம். 1983இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' என்ற ஸ்டார் வார்ஸ் படத்தில், விண்கலத் திரைகளில் சில வடிவங்கள் ஓடும். அவற்றுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. வெறும் அலங்காரம்! 1990களில் அந்தக் கதையை வைத்து விளையாட்டுப் புத்தகங்கள் தயாரித்துக்கொண்டிருந்த ஸ்டீபன் கிரேன் என்பவர், அந்த வடிவங்களுக்கு ஒவ்வொன்றாக ஒலி கொடுத்து 'ஆரபெஷ்' என்று பெயரும் வைத்தார். ரசிகர்கள் அதை ஃபாண்டாகச் செய்து கணினியில் தட்ட ஆரம்பித்தார்கள். 1977இல் வந்த முதல் படத்தை 2004இல் டிவிடியாக வெளியிட்டபோது, அதில் ஒரு திரையில் இருந்த ஆங்கிலச் சொற்களை அழித்துவிட்டு ஆரபெஷ் எழுத்தையே போட்டார்கள். பொம்மைக்கு உயிர் வந்த கதை இது.

"வேலையத்த வேலை" என்று இதைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஃபாண்ட் செய்து பார்க்கிறவன் எழுத்து என்றால் என்ன என்பதைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்கிறான். அந்த விளையாட்டில் தமிழ் படிக்கிறவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஃபாண்டுகளில் பெரும்பாலானவை முகமூடிகள். விசைப்பலகையில் 'ஏ' தட்டினால் ஒரு வடிவம், 'பி' தட்டினால் இன்னொன்று. உள்ளே இருப்பது ஆங்கிலம்தான், வெளியே வேஷம். இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தமிழும் பல வருடம் கணினியில் இப்படித்தான் இருந்தது. பாமினி ஃபாண்டில் 'ஜே, கே, பி, ஓ' தட்டி ஓர் அரைப்புள்ளி வைத்தால் திரையில் 'தமிழ்' என்று தெரியும். அந்த ஃபாண்ட் இல்லாத கணினிக்கு அதே கோப்பை அனுப்பினால் வேஷம் கலைந்து வெறும் ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்ற யூனிகோடு பரவலான பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அந்த யூனிகோடின் கதவை வேற்றுக்கிரகத்தாரும் தட்டினார்கள். ஸ்டார் ட்ரெக் கதையில் வரும் கிளிங்கான் இனத்தாருக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் ஒரு மொழியையே உருவாக்கினார். அதன் அகராதி 1985இல் வந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்கூட அதில் வந்துவிட்டது! கிளிங்கான் எழுத்துக்கு இடம் கேட்டு 1997இல் மைக்கேல் எவர்சன் விண்ணப்பித்தார். 2001இல் அது நிராகரிக்கப்பட்டது. காப்புரிமைச் சிக்கல் ஒரு காரணம். இது தனி எழுத்தா, ஆங்கிலத்துக்குப் போட்ட மாறுவேடமா என்ற சந்தேகம் இன்னொன்று. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த எழுத்தை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. ஹாம்லெட்டையே ஆங்கில எழுத்தில்தான் அச்சிட்டிருந்தார்கள். சொந்த எழுத்தை ஆசையாக வைத்திருந்தவர்களே அதில் எழுதவில்லை!

இதற்கு நேர் எதிரான கதை திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. பழனிக்கு அருகே பொருந்தலில் 2009-10 காலத்தில் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். அங்கே ஒரு கல்லறையில், பானை வைக்கும் பிரிமனை ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. அதே கல்லறையில் கிடைத்த நெல்லுக்குக் கணித்த காலம் கி.மு. 490. இன்று அந்த எழுத்தில் கடிதம் எழுத ஆள் இல்லை. ஆனாலும் பிராமிக்கு 2010இல் யூனிகோடில் இடம் கிடைத்தது. பழந்தமிழுக்கே உரிய புள்ளி, குறில் எகர ஒகரம் போன்றவை 2021இல் சேர்ந்தன. வினோத் ராஜன், ஸ்ரீரமண சர்மா உள்ளிட்ட ஆர்வலர்கள் 'ஆதிநாதா' என்ற தமிழ்-பிராமி ஃபாண்டையும் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

அழிந்துபோன எழுத்துக்கு இடம் உண்டு, ரசிகர் பட்டாளமே உள்ள எழுத்துக்கு இல்லை. இது என்ன நியாயம்? நியாயம்தான். யாரோ ஒருவர் ஒரு பொருளில் உண்மையாகவே கீறி வைத்தார். அவர் பயன்படுத்தியதுதான் சாட்சி.

இப்போது கொடைரோட்டுக்குத் திரும்பலாம். அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு ஒரு மாணவன் வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறான். "அம்மா, வண்டி லேட்." மொழி தமிழ், எழுத்து ஆங்கிலம். பக்கத்து நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை என்ன என்ற கேள்வியும் அப்படியே போகலாம். கைபேசியில் தமிழ் விசைப்பலகை இலவசம், ஃபாண்ட் பிரச்சினையும் இல்லை. கிளிங்கான்காரர்களுக்குக் கிடைக்காத அத்தனையும் தமிழனுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் செய்வது மட்டும் கிளிங்கான்காரர்கள் செய்ததையே!

"எழுத்து மாறினால் என்ன, மொழி இருக்கிறதே" என்று கேட்கலாம். கேள்வி சரிதான். துருக்கி 1928இல் எழுத்தையே மாற்றியது, துருக்கி மொழி சாகவில்லை. தமிழும் பிராமியிலிருந்து வட்டெழுத்து, இன்றைய எழுத்து என்று மாறித்தான் வந்திருக்கிறது. ஆனால் துருக்கியில் பேரன்களுக்குத் தாத்தாவின் கடிதங்கள் படிக்க முடியாத படங்களாகிவிட்டன. அங்கே அது ஓர் அரசு தெரிந்தே எடுத்த முடிவு. இங்கே யாரும் முடிவெடுக்கவில்லை, சோம்பல்தான் முடிவெடுக்கிறது. அதோடு ஆங்கில எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். ழகரத்தின் கதி கேட்கவே வேண்டாம்.

வேற்றுக்கிரக எழுத்துக்கு ஃபாண்ட் செய்யும் பையனைப் பார்த்தால் கேலி செய்ய வேண்டாம். எழுத்தின் மேல் அவனுக்கு இருக்கும் ஆசை நல்ல ஆசை. முடிந்தால் அவனிடம் ஒரு ழகரமும் வரையச் சொல்லலாம். அடுத்த முறை ரயில் தாமதமானால், அந்தச் செய்தியைத் தமிழிலேயே தட்டிப் பார்க்கலாம். முதல் நாலு செய்திக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஐந்தாவதுக்குப் பிடிக்காது. பலகையில் உள்ள தமிழ் வரியைப் படிக்க ரயில்வே ஆள் தேடித் தராது. அதற்கு ஊர்க்காரர்கள் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.