கிதாருக்கும் ஓர் இடம் வேண்டும்

(பத்தாம் வகுப்பு மாணவி, சோழபுரம்)

ஆகாய விமானத்தில் பறப்பது ஒரு காலத்தில் செல்வந்தர்களுக்கு மட்டுமே உரிய பேறாக இருந்தது. இன்று நிலைமை அப்படியில்லை. இராஜபாளையம் பஞ்சாலையில் வேலை பார்ப்பவரின் மகனும், வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்லும் எங்கள் ஊர்க் கொத்தனாரும் மதுரைக்குச் சென்று விமானம் ஏறுகிறார்கள். அப்படி ஏறுகிறவர்களில் சிலருடைய தோளில் ஓர் இசைக்கருவியும் தொங்குகிறது. அந்தக் கருவிக்கு விமானத்தில் என்ன மரியாதை கிடைக்கிறது? துணி மூட்டைக்குக் கிடைக்கும் மரியாதைதான். இது முறையன்று என்பதே என் கருத்து.

"கிதார் என்ன நம் நாட்டு வாத்தியமா, அதற்காக இத்தனை கவலை?" என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். வயலினும் ஆர்மோனியமும் கடல் கடந்து வந்தவைதாம். இன்று வயலின் இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரி உண்டா? கிதாரும் அவ்வாறே நம்முடையதாகிவிட்டது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா அவர்கள் கிதாரை முறைப்படி பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், ஆர்கனுக்கு முதலிடம் தந்துவிட்டு, வழிபாட்டுக்குப் பொருத்தமான பிற கருவிகளுக்கும் அனுமதி அளித்தது. அதன் பிறகு எத்தனையோ சிற்றூர்க் கோவில்களின் பாடற்குழுவில் கிதார் இடம் பிடித்துவிட்டது. ஆர்கன் வாங்க இயலாத பங்குகளுக்குக் கிதார் கைகொடுத்தது என்றே சொல்லலாம்.

இந்தக் கருவியின் உடலமைப்பைச் சற்றுக் கவனிப்போம். நல்ல கிதாரின் மேற்பலகை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் நாதம் எழும். அந்த மெல்லிய பலகையின்மேல் ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து எழுபது கிலோவுக்கும் மேலான விசையுடன் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு நெல் மூட்டையின் பாரத்தை ஓர் அப்பளம் தாங்கி நிற்பது போன்ற விந்தை அது! முறுக்காணிகள் உள்ள தலைப்பகுதியோ பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. பெட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் விரிசல் கண்டுவிடும். பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரு கீறலும் தெரியாது. போதாக்குறைக்கு, விமானம் பறக்கும் உயரத்தில் காற்றில் ஈரப்பசை மிகக் குறைவு. அந்த வறட்சியில் மரம் சுருங்கும். (கிதாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் உலகெங்கும் விரும்பி வாங்கப்படுவது இந்தியத் தோதகத்தி மரம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வதுதான் அது. மலையைவிட்டுக் கடல் கடந்துபோன மரம் கிதாராகித் திரும்பி வரும்போது உடைந்து வருவது எவ்வளவு பரிதாபம்!)

உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி கையோடு கொண்டுசெல்லக்கூடிய பையின் எடை வழக்கமாக 7 கிலோ. கிதார் அதன் கெட்டிப் பெட்டியோடு சேர்ந்தும் பெரும்பாலும் இந்த எடைக்குள் அடங்கிவிடும். நீளம்தான் வம்பு. கைப்பையின் நீளம் 55 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும் என்பார்கள். கிதாரோ ஒரு மீட்டர். ஆகவே முகப்பில் இருப்பவர் மனம் வைத்தால் உள்ளே வரும். மனம் வைக்காவிட்டால் கீழே சரக்கறைக்குப் போகும். சென்ற மாதம் உள்ளே விட்ட அதே நிறுவனம் இந்த மாதம் மறுக்கும். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார் என்பதற்கிணங்க, முகப்பில் அரைக்கிலோ கூடுதல் எடைக்குக் கணக்குப் பார்ப்பவர்கள், சரக்கு வண்டியில் கருவி எப்படி எறியப்படுகிறது என்று பார்ப்பதில்லை.

எறியப்படுவது என் கற்பனையன்று. டேவ் கரோல் என்ற கனடா நாட்டுப் பாடகர் 2008 மார்ச்சில் ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்து சிகாகோ வழியாக ஒமாகா நகருக்கு யுனைடெட் விமானத்தில் சென்றார். சிகாகோவில் விமானம் நின்றிருந்தபோது, பின்னால் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வெளியே கிதார்களை எறிகிறார்கள்!" என்று கூவினாராம். இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், 3,500 டாலர் விலையுள்ள டெய்லர் கிதார் உடைந்து கிடந்தது. பழுது பார்க்க 1,200 டாலர் ஆயிற்று. கரோல் ஒன்பது மாதங்கள் அலைந்தார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முறையிடவில்லை என்று காரணம் காட்டி நிறுவனம் கையை விரித்துவிட்டது. அவர் வழக்கு மன்றம் செல்லவில்லை. 'யுனைடெட் பிரேக்ஸ் கிதார்ஸ்' என்று ஒரு பாட்டுக் கட்டி, 2009 ஜூலையில் இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களில் பத்து லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். உலகமே சிரித்தது. அதன் பின்னரே நிறுவனம் இறங்கி வந்தது.

இந்தக் கதையைச் சொல்லி எல்லாரும் கை தட்டுகிறார்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறை. பாட்டுக் கட்டத் தெரிந்தவருக்குத்தான் நீதியா? பாடலை லட்சம் பேர் கேட்காமற்போயிருந்தால் கரோலின் கதி என்ன?

நம் நாட்டு மேதைகளுக்கும் இத்தொல்லை நேர்ந்ததுண்டு. உஸ்தாத் அம்ஜத் அலி கான் 2014-இல் லண்டனிலிருந்து டில்லி வந்து இறங்கியபோது அவருடைய சரோத் வந்து சேரவில்லை. சில நாட்கள் கழித்தே கிடைத்தது. பண்டிட் ரவி சங்கரின் சீடரான சுபேந்திர ராவின் சிதார் 2018 ஜனவரியில் அமெரிக்கப் பயணத்தில் உடைந்தது. ரவி சங்கர் தம் சிதாருக்கென்றே பக்கத்து இருக்கைக்கும் சீட்டு வாங்கிப் பறந்தவர். அவருடைய மகள் அனுஷ்கா சங்கரின் சிதாரோ 2025 டிசம்பரில் விரிசலோடு கைக்கு வந்தது. இவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் நாளிதழ்கள் எழுதும். பெயர் இல்லாதவர்களைப் பற்றி யார் எழுதுவார்?

எங்கள் பங்குப் பாடற்குழுவில் கிதார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் மும்பையில் வேலை பார்க்கிறார். எனக்கு முதல் நான்கு சுரக்கட்டுகளைக் கற்பித்தவர் அவர்தாம். சென்ற கிறிஸ்துமசுக்கு முன் அவர் விமானத்தில் மதுரைக்கு வந்தார். கிதாரை உள்ளே கொண்டுசெல்ல அனுமதிக்கவில்லை. எளிதில் உடையும் பொருள், சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பன்று என்று அச்சிட்ட சீட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு கீழே அனுப்பினார்கள். கையொப்பமிட மறுத்தால் கிதாரை மும்பையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். மதுரையில் பெட்டியைத் திறந்தபோது கழுத்து முறிந்திருந்தது. அந்தக் கிதார் அவருடைய சொந்தக் கிதார்கூட அன்று; பங்கு மக்கள் வீட்டுக்கு ஐம்பதும் நூறுமாகச் சேர்த்து வாங்கித் தந்தது. நள்ளிரவுத் திருப்பலியில் ஆர்மோனியத்தை மட்டும் வைத்துப் பாடினோம். நட்ட ஈடாக ஒரு ரூபாயும் வரவில்லை. இங்கே அழுதவர் யாருமில்லை. "போகட்டும், என்ன செய்வது" என்றார்கள். அந்தச் சொல்தான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

நட்ட ஈடு பற்றி விசாரித்துப் படித்தபோது வியப்பாக இருந்தது. உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலும் சிதைந்தாலும் ஒரு பயணிக்கு நிறுவனம் தர வேண்டிய உச்ச வரம்பு ரூ.20,000. வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரீல் உடன்படிக்கை உண்டு. இந்தியா 2009-இல் அதில் சேர்ந்தது. அதன்படி உள்ள வரம்பு, இன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். தோழியரே, கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஒரே வீணை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும்போது உடைந்தால் ஒரு விலை. கொழும்பைவிடத் தொலைவிலுள்ள டில்லிக்குப் போகும்போது உடைந்தால் வேறு விலை. பலாமரத்துக்கு இந்த வேறுபாடு தெரியுமா? இன்னொரு செய்தியையும் எல்லாரும் அறிந்திருப்பது நல்லது. அந்த உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பெட்டியைப் பெற்ற ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைத் தனியாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்தினால், வரம்புக்கு மேலும் ஈடு கோரலாம்.

அமெரிக்காவில் 2012-இல் இதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2015 மார்ச் முதல் விதியாக நடைமுறைக்கு வந்தது. வயலின், கிதார் போன்ற சிறு கருவிகள் தலைக்கு மேலுள்ள அறையிலோ இருக்கைக்கு அடியிலோ அடங்குமானால், பயணி ஏறும் நேரத்தில் அங்கே இடமும் இருக்குமானால், மறுக்கக் கூடாது. மற்றக் கைப்பைகளுக்கு இல்லாத தனிக் கட்டணமும் கேட்கக் கூடாது. முதலில் வந்தவருக்கு முதலில் இடம். பின்னால் வருபவரின் பெட்டிக்காகக் கருவியை இறக்கச் சொல்வதற்கும் இடமில்லை. பெரிய கருவியானால் அதற்கு ஓர் இருக்கை வாங்கிக்கொள்ளலாம். நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் வைத்ததே விதி. நமக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மறுப்புச் சொல்பவர்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. "நூற்றெண்பது பேர் ஏறும் விமானத்தில் பத்துப் பேர் கிதார் கொண்டுவந்தால் மற்றவர் பைகளை எங்கே வைப்பது? ஆபத்து நேரத்தில் அது யார் தலைமேலாவது விழுந்தால்?" என்று என் தந்தையே கேட்டார். பாதுகாப்பு என்று வந்தால் விமானப் பணியாளர் சொல்லே முடிவு. அதில் எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. தூத்துக்குடிக்கு வரும் சிறிய விமானங்களில் மேலறையும் சிறியது, கிதார் அடங்காது. அடங்காத இடத்தில் உள்ளே வை என்று நான் வாதாடவில்லை. விமானத்தின் வாசற்படிவரை அவரே தூக்கிவந்து கையில் கொடுக்கட்டும். இறங்கும்போது அதே வாசலில் கையில் வாங்கிக்கொள்ளட்டும். குழந்தைகளின் தள்ளுவண்டிக்குச் செய்யும் உபகாரத்தைக் கிதாருக்குச் செய்தால் யாருக்கு நட்டம்?

வாசிப்பவருக்கும் கடமை உண்டு. துணியுறையில் கிதாரைப் போட்டுக்கொண்டு வந்து கடைசி ஆளாக ஏறிவிட்டு, இடம் இல்லை என்று குறை கூறுவது அழகன்று. கெட்டிப் பெட்டி வேண்டும். தந்தியைத் தளர்த்த வேண்டும். தலைப்பகுதி ஆடாதபடி துணி திணிக்க வேண்டும். வீணைக் கலைஞர்களைப் பாருங்கள். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைதான் உயர்ந்தது என்பது தஞ்சாவூர் மரபு. இருந்தும் பயணத்துக்காகக் கழுத்தைக் கழற்றி மாட்டும் வீணை வந்துவிட்டது. தம்புராவைத் தூக்கிச் செல்ல முடியாமல் பலர் மின்னணுப் பெட்டியை வைத்துச் சுருதி கூட்டுகிறார்கள். கருவிகள் தம் உடம்பையே குறைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கின்றன. விமான நிறுவனங்கள் ஒரு படி இறங்கி வரக்கூடாதா?

நம் தமிழருக்கு இது புதிய சிக்கலும் அன்று. புறநானூற்றில் ஔவையார், அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, வாயில் காப்போனிடம் சினந்து பேசும் பாட்டு நாம் அறிந்ததே. இசைக் கருவிகளைத் தோளில் தூக்கியாயிற்று, கருவிப் பையையும் கட்டியாயிற்று, இனி எங்கே போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்கிறார் அவர். கருவிகளை இட்டுவைக்கும் பைக்குக் 'கலப்பை' என்று தனிப் பெயரே அன்று இருந்தது! (இன்று அச்சொல்லைக் கேட்டால் நமக்கு ஏர்தான் நினைவுக்கு வரும்.) யாழைச் சுமந்து ஊர் ஊராக நடந்த பாணரும் பொருநரும் வாழ்ந்த நாடு இது. ஆடிப்பூரத் திருவிழாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் பேருந்தில் தவில்காரர் ஏறினால், உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லாமலே மடியில் வாங்கிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். பேருந்தில் தானாக நடப்பது விமானத்தில் நடக்க ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது.

மும்பை அண்ணனின் கிதாரை மதுரையில் ஒருவர் பசையிட்டு ஒட்டித் தந்திருக்கிறார். ஒலி முன்போல் இல்லை என்றாலும் வாசிக்க முடிகிறது. இவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு அவர் விமானத்தில் வரப்போவதில்லை. ஒன்றரை நாள் ரயிலில், மேல் படுக்கையில் கிதாரைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு வருகிறாராம். அதற்காக இரண்டு நாள் விடுப்பு கூடுதலாகக் கேட்டிருக்கிறார், இன்னும் கிடைக்கவில்லை.